ஏற்றும் கை ஸ்டியரிங்கையும் பிடிக்கட்டும்

அரவைப் பருவம் வந்துவிட்டால் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் சாலைகளில் கரும்பு லாரிகள் வரிசை கட்டி நிற்பதை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் இல்லை. அந்தக் கரும்பை வெட்டியவர்கள் நம்மவர்கள். கட்டுக் கட்டித் தலையில் தூக்கி, பலகை மேல் ஏறி, லாரியில் அடுக்கியவர்கள் நம்மவர்கள். கயிறு போட்டு இறுக்கியவர்களும் நம்மவர்களே. ஓட்டுநர் இருக்கையில் மட்டும் நம் தெருப் பிள்ளைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நெல் மூட்டை, மக்காச்சோளம், மரவள்ளிக் கிழங்கு என எந்தச் சரக்கை எடுத்துக்கொண்டாலும் இதுதான் நிலை. லோடு நம் தோளில். வண்டி வேறொருவர் கையில்.

இத்தனைக்கும் நாம் வாழ்வது சாலையோரத்தில். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியாக நம் மாவட்டத்தின் நடுவே ஓடி, உளுந்தூர்பேட்டையில் சென்னை–திருச்சி சாலையைத் தொடுகிறது. இரவெல்லாம் லாரிச் சத்தம் கேட்டுத் தூங்கும் ஊர்கள் நம்முடையவை. மேற்கே நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியாலும் ரிக் வண்டியாலும் பெயர் பெற்ற ஊர்கள் சில மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. அங்கே லாரி ஓட்டத் தொடங்கியவர்கள் லாரி வாங்கினார்கள், பட்டறை வைத்தார்கள், பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தார்கள். நம்மிடம் நிலமும் இல்லை, அந்த லாரியும் இல்லை.

ஹெவி லைசென்ஸ் என்று எல்லோரும் சொல்லும் கனரக வாகன ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி இந்த வாரம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தும் கல்லூரி வாய்க்காத, ஐ.டி.ஐ.யிலும் இடம் கிடைக்காத தம்பிகள் பலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் நமக்குத் தெரியும்: பெங்களூரில் கட்டட வேலை, கேரளத்தில் கூலி, திருப்பூர். மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசமான இரண்டு அழைப்புகள் வரும். ஒன்று சாராய ஊறல். இன்னொன்று ஆந்திரக் காட்டில் செம்மரம். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடியினர் அவர்களில் இருந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், நம் மக்கள். இந்த வழிகளோடு ஒப்பிட்டால் லாரி ஓட்டுவது கடினமான வேலைதான், ஆனால் ஊர்ப் பண்ணையாரையும் மேஸ்திரியையும் நம்பாத வேலை. உரிமம் நம் பெயரில் இருக்கும். ஒரு உரிமையாளர் சரியில்லை என்றால் அதே அட்டையோடு அடுத்த ஷெட்டுக்குப் போகலாம்.

சட்டம் சொல்லும் கணக்கை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் ஒன்றிரண்டு வருடங்களை இழக்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதில் கார் ஓட்டும் உரிமம் எடுக்கலாம். சரக்கு வண்டி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும். ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட வேண்டுமானால் இலகுரக வாகன உரிமம், அதாவது கார் உரிமம், கையில் வந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். பைக் வாங்கியதும் டூ வீலருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்துவிட்டு வருகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இருபது வயதில் ஹெவி எடுக்கப் போகும்போதுதான் கார் உரிமம் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். மறுபடி கார் எடுத்து, மறுபடி ஓராண்டு காத்திருக்க வேண்டும். பதினெட்டில் எடுக்கும்போதே டூ வீலரோடு காரையும் சேர்த்து எடுத்துவிட்டால் இருபதாவது பிறந்தநாளுக்கு மறுநாளே ஹெவி எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் படிக்கும் மாணவர்களும் இதைச் செய்து வைப்பது நல்லது. பட்டத்தோடு இந்த அட்டையும் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை. ஹரியானாவின் மேவாத் பகுதியில், எழுத்தறிவு குறைந்த ஆனால் வண்டி ஓட்டத் தெரிந்த மக்களின் பிழைப்பு அந்த விதியால் முடங்குவதை அந்த மாநில அரசு எடுத்துச் சொன்னது. அதன் பிறகு 2019இல் மத்திய அரசு அந்த விதியை நீக்கியது. ஐந்தாம் வகுப்போடு நின்ற அண்ணன்களுக்கும் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். இன்றும் நம் ஊர்களில் 'எட்டாவது சர்ட்டிபிகேட் இல்லையே' என்று சொல்லித் திரிபவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பேச்சை வைத்துப் பணம் பிடுங்கும் தரகர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று: சாலைப் பலகையையும் பில்லையும் படிக்கத் தெரியாமல் லாரி ஓட்டுவது ஓட்டுபவருக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து. விதி போனதால் படிப்பு வேண்டாம் என்று ஆகிவிடாது.

2024 நவம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பும் நமக்குப் பயன்படும். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்ட இலகுரக வாகன உரிமமே போதும், தனி அனுமதி வேண்டியதில்லை என்றது அந்தத் தீர்ப்பு. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகள் இதில் சேராது. குட்டி யானையும் பிக்கப் வண்டியும் இந்த எடைக்குள் அடக்கம். இருபது வயதான தம்பி ஹெவி கைக்கு வரும் வரை காய்கறிச் சந்தைக்கோ உரக் கடைக்கோ சிறு வண்டி ஓட்டிப் பழகலாம். விபத்து நேர்ந்தால் 'உரிமம் செல்லாது' என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கிற பழைய தகராறுக்கும் இந்தத் தீர்ப்பு முடிவு கட்டியிருக்கிறது.

இதெல்லாம் காகிதம். தொழில் எங்கே கற்பது?

முன்பெல்லாம் லாரித் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் கிளீனர் இருக்கைதான். டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் போடுவது, கயிறு இறுக்குவது, ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, பின்னால் எடுக்கும்போது 'வரட்டும், வரட்டும்' என்று குரல் கொடுப்பது. இரண்டு மூன்று வருடம் இப்படிக் கழிந்த பிறகு, ஆளில்லாத சாலையில் ஒரு விடியற்காலை ஓட்டுநர் 'பிடிடா' என்று ஸ்டியரிங்கைக் கொடுப்பார். அப்படித்தான் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் உருவானார்கள். ஆனால் யாரைக் கிளீனராக ஏற்றுவது என்பது ஓட்டுநரின் விருப்பம். அக்கா மகன், மைத்துனன், சொந்த ஊர்ப் பையன். லாரியின் கேபின் ஒரு சின்ன வீடு. அதற்குள்தான் தூக்கம். சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஸ்டவ் பற்றவைத்து, ஒரே பாத்திரத்தில் சோறு. ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்கச் சம்மதிக்காத ஊரில் ஒரே கேபினில் இடம் எப்படிக் கிடைத்திருக்கும்? நமக்குப் பின்பக்கம் கிடைத்தது. லோடு மேல் உட்கார்ந்து போனோம். சாதி பார்க்காமல் தொழில் சொல்லிக்கொடுத்த ஓட்டுநர்களும் உண்டு, அவர்களை மறக்கக் கூடாது. நம்மில் இன்று ஹெவி ஓட்டுகிற மூத்தவர்கள் பலர் அவர்களிடம் கற்றவர்கள்தான்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். லாரி ஷெட்டில் வேலை கேட்டுப் போனால் 'எந்த ஊரு?' என்பதற்கு அடுத்து வரும் 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்ற கேள்விக்கு எந்த அரசாணை வரும் என்று தெரியவில்லை.

தீண்டாமை ஒரு மனிதனிடமிருந்து தண்ணீரை, தெருவை, கோயிலைப் பறிப்பதைப் பேசுகிறோம். அது கைத்தொழிலையும் பறிக்கும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் சொந்த வாழ்க்கையே சாட்சி. 1929இல் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக அவர் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கினார். அவரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக வந்திருந்தார்கள் அவ்வூர் மகர் மக்கள். எந்தக் குதிரை வண்டிக்காரரும் அவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். வேறு வழியில்லாமல் வண்டி ஓட்டியே பழகாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் வண்டி மோதியது, அம்பேத்கர் தூக்கி வீசப்பட்டார், கால் முறிந்தது. சிறுவனாக இருந்தபோதும் இதே போன்ற ஒன்று அவருக்கு நடந்தது: இரட்டைக் கூலி வாங்கிக்கொண்ட மாட்டு வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிப் போனார்கள். இதை நாம் பெரும்பாலும் அவமானத்தின் கதையாக மட்டும் சொல்கிறோம். சாலிஸ்கானில் கடிவாளம் பிடித்த அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். தன் தலைவரைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்குக் குறைவாகவா இருந்திருக்கும்? யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் பயணியின் இருக்கைக்கே போராட வேண்டியிருந்தது. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகளை, உரிமம் ரத்தாகும் என்று எச்சரித்து வழிக்குக் கொண்டுவந்தவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனார். பயணி இருக்கை கிடைத்துவிட்டது. ஓட்டுநர் இருக்கைக்கு உத்தரவு போட இன்று ஜில்லா போர்டு இல்லை.

இப்போது கிளீனர் என்பவரே மறைந்துவருகிறார். கூலி மிச்சம் என்று ஏராளமான லாரிகள் ஒற்றை ஓட்டுநரோடு ஓடுகின்றன. அந்தப் பழைய பள்ளிக்கூடம் மூடப்படுகிறது. இன்னொரு பக்கம், வண்டி நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை என்று லாரி உரிமையாளர்கள் பல ஆண்டுகளாகப் புலம்பி வருகிறார்கள். ஆளைத் தேடி அலைகிறவர் தெருவைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நம் பிள்ளைகள் உள்ளே நுழைய இதைவிட நல்ல நேரம் வராது, கை தேர்ந்தவர்களாக நுழைய வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கை தேர்வது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நடக்கிறதா என்றால், எல்லா இடத்திலும் நடக்கவில்லை. ஹெவிக்கு மருத்துவச் சான்றும், பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 சான்றும் கட்டாயம். அரசுக்குக் கட்டும் கட்டணம் சில நூறுகளில் முடிந்துவிடும். பள்ளிக்குக் கட்டுவதுதான் ஆயிரக்கணக்கில். அந்தப் பணத்துக்குப் பல பள்ளிகளில் கிடைப்பது ஒரு பழைய காலி லாரியில், நான்கைந்து பேரோடு சேர்ந்து, நாளுக்குப் பத்து நிமிடம். காலி லாரியை நேர்ச் சாலையில் ஓட்டியவருக்கு இருபது டன் ஏற்றிய டாரஸ் எப்படி நிற்கும், எங்கே நிற்கும் என்று தெரியாது. 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள், கனரக வாகனத்துக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கின்றன. பள்ளியில் சேரும்போது அந்த 38 மணி நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதை விட ஓட்டும் நேரத்தைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் மாநில அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் பயிற்சிப் பள்ளியும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்தும் பயிற்சி நிலையமும் உள்ளூர்ப் பள்ளிகளை விட எவ்வளவோ மேல். தூரம்தான் தடை, தங்கிப் படிக்க வழி செய்தால் அது தடையில்லை.

பணம் கட்டும் முன் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறக்குருடு இருப்பது தெரியாமலே வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், கட்டிய பணம் திரும்பாது. கற்கும்போது மூன்று காரியங்களைக் கேட்டு வாங்கிக் கற்றுக்கொள்ள வேண்டும்: கண்ணாடியை மட்டும் பார்த்து வண்டியைப் பின்னால் எடுப்பது, ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்புவது, இறக்கத்தில் கீழ் கியரில் இறங்குவது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களைப் பார்த்துக் கற்கக் கூடாது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது அப்படித்தான். கல்வராயன் மலைத் தம்பிகளுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் ஜீப்பும் டிராக்டரும் பழகியவர்களுக்கு, சமவெளிப் பிள்ளைகள் பயப்படும் மலைப் பாதை பயமில்லை.

அரசு வேலைக்கும் இதுவே வழி. 2025இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டன. பத்தாம் வகுப்பு, கனரக உரிமம், நடத்துநர் உரிமம், கனரக வாகனம் ஓட்டியதில் 18 மாத அனுபவம், குறைந்தது 24 வயது ஆகியவை தகுதிகள். இடஒதுக்கீடு உண்டு. ஆனால் அந்த 18 மாத அனுபவத்தை யார் தருவது? தனியார் லாரி உரிமையாளர். அவரிடம் இடஒதுக்கீடு கிடையாது. நமக்கென்று ஒதுக்கிய இடத்தின் சாவி, நமக்கு ஒதுக்கீடே இல்லாத ஒரு வாசலில் தொங்குகிறது. இருபதில் ஹெவி எடுத்தவர் இருபத்திரண்டுக்குள் அனுபவத்தை முடித்துவிட்டு இருபத்து நான்கில் தயாராக நிற்கலாம். இருபத்தெட்டில் ஹெவி எடுத்தவருக்கு எல்லாமே ஓட்டம்தான். பெண் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு. 1993இலேயே தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் வசந்தகுமாரி ஓட்டுநராக உட்கார்ந்துவிட்டார். நம் தங்கைகள் கேட்டால் 'லாரியா?' என்று சிரிப்பதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

இனி முதல் வேலை. நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

முதல் பொறி அட்வான்ஸ். வீட்டில் கல்யாணம், வைத்தியம் என்று சொன்னால் உரிமையாளர் பணம் கொடுப்பார். கொடுத்துவிட்டு லைசென்ஸையும் ஆதாரையும் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொள்வார். அதோடு ஓட்டுநர் அவருடைய ஆள். படி எவ்வளவு, ஓய்வு எப்போது, எந்தச் சரக்கு என்று கேட்கும் உரிமை போய்விட்டது. கல்வராயன் மலைக்கு இது புதிதல்ல. 1976 வரை அங்கே ஜாகிர்தார்கள் ஆண்டார்கள், மலைவாழ் மக்கள் கூலியில்லாமல் அவர்களுக்கு உழைத்தார்கள். அதே ஆண்டில்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் நாட்டில் வந்தது. முன்பணம் கொடுத்து ஒருவரின் உழைப்பைக் கட்டிப்போடுவதை அந்தச் சட்டம் குற்றம் என்கிறது. கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி கொடுக்கும் முன்பணமும் லாரி ஷெட்டில் கொடுக்கும் அட்வான்ஸும் ஒரே கயிற்றின் இரு முனைகள். முதல் ஓராண்டாவது அட்வான்ஸ் வாங்காமல் சமாளித்துவிடுங்கள். உரிம அட்டையை யாரிடமும் கொடுக்காதீர்கள். டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தால் சோதனையில் அதுவே செல்லும், அட்டை வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

அடுத்தது சரக்கு. வண்டியை நிறுத்திச் சோதனை போடும்போது உரிமையாளர் அங்கே இருக்க மாட்டார். பிடிபடுவது ஓட்டுநர். செம்மரமோ, சாராயத்துக்குப் போகும் மெத்தனாலோ, கஞ்சாவோ, 'எனக்குத் தெரியாது' என்ற ஒரு வார்த்தை உடனே விடுவிக்காது, சிறையில் பல மாதங்கள் போகும். சேரியிலிருந்தும் மலையிலிருந்தும் வந்தவன் என்றால் காவல் நிலையத்தில் அந்த வார்த்தைக்கு மதிப்பு இன்னும் குறைவு என்பது நம் அனுபவம். பில் இல்லாத சரக்கை ஏற்றாதீர்கள். வெளி மாநிலத்துக்குப் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கானால் இ-வே பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் தேதிகளை வண்டியில் ஏறும் முன் உங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிக பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும். ஏற்றச் சொன்னவரையும் ஓட்டியவரையும் சட்டம் ஒன்றாகவே பார்க்கிறது, அபராதத்தைச் சம்பளத்தில் பிடிப்பதோ ஓட்டுநருக்கு மட்டும்தான்.

தூக்கத்தைப் பற்றி எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வரையறுத்தது, நெடுந்தூரப் பயணமானாலும் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசுகிற தொழிலில் அந்தச் சட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. எத்தனை டிரிப் அடிக்கிறாயோ அத்தனைக்குக் காசு என்றால் யார் தூங்குவார்? மாதச் சம்பளமும் படியும் சேர்ந்த வேலையாகப் பார்த்துச் சேருங்கள், கையில் வருவது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. 2025 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்லதுதான். குளிர்ந்த அறையிலும் பதினெட்டு மணி நேரம் விழித்திருந்தால் கண் சொக்கும்.

விபத்து நடந்தால் என்ன செய்வது? காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது ஓட்டுநரின் கடமை. ஆனால் கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகலாம் என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்ல வேண்டும், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாரதிய நியாய சன்ஹிதா அந்த ஆண்டு ஜூலையில் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டம் எல்லா ஓட்டுநரையும்தான் அடிக்கும். அடிபடுபவரின் பெயரும் ஊரும் தெரிந்த பிறகு அடி நிற்குமா, கூடுமா என்பது நமக்கு மட்டுமே உள்ள கவலை. ஆகவே 108க்கும் காவல் கட்டுப்பாட்டு அறைக்கும் முதல் நிமிடமே அழைத்துவிடுங்கள். அழைத்த நேரம் செல்போனில் பதிவாக இருப்பதே பின்னால் சாட்சி. வண்டியின் இன்சூரன்ஸில் சம்பள ஓட்டுநருக்கான காப்பும் அடங்கும் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள்.

சொந்த வண்டி ஆசையும் வரும், வரட்டும். தாட்கோ வழியாக மானியக் கடன் கிடைக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆனால் எந்த மண்டியில் எப்போது லோடு கிடைக்கும், திரும்பி வரும்போது காலியாக வராமல் இருக்க யாரைப் பிடிக்க வேண்டும், டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று தெரியாதவர் வண்டி வாங்கினால் ஒரு வருடத்தில் அது ஃபைனான்ஸ் யார்டில் நிற்கும். குறைந்தது ஐந்து வருடம் பிறர் வண்டியை ஓட்டிய பிறகு கடன் பக்கம் போகலாம் என்பது எங்கள் கருத்து. மானியத்துக்காக நம் பெயரை இரவல் கேட்டு வருபவர்களைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது நிறைய இல்லை. கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, சாலை முதல் மருத்துவம் வரை கேள்வி கேட்டது. சாராயத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கு மாற்றுத் தொழில் என்று ஆடு, மாடு, தையல் இயந்திரம் பற்றியே பேசுகிறார்கள். உண்டு உறைவிடமாக மூன்று மாத ஹெவி பயிற்சி, பயிற்சிக் காலத்தில் வீட்டுக்கு அரிசி வாங்கும் அளவுக்கு உதவித்தொகை என்று தாட்கோ ஒரு திட்டம் போட்டால் மலையிலும் சேரியிலும் ஆள் வரும். வெள்ளிமலையில் மாதம் ஒரு நாள் ஓட்டுநர் உரிம முகாம் நடத்தலாம். மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒவ்வொரு முறை இறங்கி வருவதும் ஒரு நாள் கூலி இழப்பு. நெல், சர்க்கரை, ரேஷன் அரிசி, டாஸ்மாக் பாட்டில் எல்லாம் அரசுப் பணத்தில்தான் லாரியில் ஓடுகின்றன. அந்த டெண்டர்களில், ஒப்பந்தம் எடுப்பவர் இத்தனை லாரிக்கு ஒருவர் என்று பட்டியலின, பழங்குடி இளைஞர்களைப் பயிற்சி ஓட்டுநராக ஏற்றி, 18 மாத அனுபவச் சான்று தர வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். தனியார் வாசலில் தொங்கும் சாவி அப்போது நம் கைக்கும் எட்டும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. உரிம முகாமும் உறைவிடப் பயிற்சியும் வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்போம். பேச்சாக விட்டுவிடாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம். ஊரில் 18 முதல் 25 வயது வரை உள்ள எத்தனை பேரிடம் கார் உரிமம் இருக்கிறது, எத்தனை பேரிடம் ஹெவி இருக்கிறது என்ற கணக்கை மாணவர்கள் வீடு வீடாகப் போய் எடுத்து அந்தத் தீர்மானத்தோடு இணைக்கட்டும். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் தாட்கோ மாவட்ட மேலாளருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்வோம்.